“நீ தொடாதே” என்பது சரியா?

வீட்டுக் கணினியில் வைஃபை நின்றுவிட்டால், “அண்ணன் வரட்டும், நீ தொடாதே” என்பதே பல இல்லங்களில் நாம் கேட்கும் சொல். பாடம் நம்முடையது, கருவியைச் சீர்செய்யும் அறிவு மட்டும் பிறருடையதா?

இதற்கு வேண்டியது ஒழுங்கான சிந்தனையே. முதலில், கைப்பேசியில் அதே வைஃபை வேலை செய்கிறதா எனப் பார்ப்போம். அதிலும் இல்லையெனில், குறை பெரும்பாலும் ரூட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கும். ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுவோம். கைப்பேசியில் மட்டும் வந்தால், கணினியைக் கவனிப்போம். வைஃபை அணைந்துள்ளதா, கடவுச்சொல் மாறியதா, பின்புறத்து ஆண்டெனா கழன்றுள்ளதா என ஒவ்வொன்றாக நோக்குவோம். இடையே நிற்கும் இரும்பு பீரோ அலைகளைத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. ஆனால் சுவர்களைக் கடக்கையில் அதிகம் வலுவிழக்கும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கக் கற்ற நமக்கு இது அரிய செயலா?

அன்புப் பெற்றோரே! இதற்காகக் கணினிப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, அஞ்சாதீர்கள். அண்ணனுக்குத் தரும் நம்பிக்கையை எங்களுக்கும் தாருங்கள். பழுதைக் கண்டறியும் பெண், பிறர் வரவுக்காகக் காத்திராள்!