கேளாத கலங்கள்

ஆசிரியர் எத்துணை தெளிவாகக் கூறினும், கேட்கும் செவி இல்லாதவிடத்துப் பாடம் பயனற்றுப் போகும். நம் உடலினுள்ளும் நிலைமை இதுவே.

1971 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் டேவிட் என்னும் ஆண் குழந்தை பிறந்தது. அவனுக்கு முன் பிறந்த தமையன் நோயெதிர்ப்பு ஆற்றலின்றி ஏழாம் மாதத்தில் இறந்திருந்தான். ஆதலின், இக்குழந்தையைப் பிறந்தவுடனேயே கிருமி புகாத பிளாத்திக்குக் கூடாரத்தினுள் வைத்தனர். 12 ஆண்டுகள் தாயின் கரம் அவனைத் தொட்டதெல்லாம் கையுறையின் ஊடாகவே.

அவன் உடலிற் குறைந்தது யாது? குருதியின் வெண்கலங்கள் சைற்றோகைன் என்னும் சிறு புரதங்களை விடுத்து ஒன்றோடொன்று பேசுகின்றன. அப்புரதம் பல கலங்களை அணுகினும், தனக்குரிய வாங்கியை மேற்பரப்பிலே தாங்கிய கலமே அதற்குச் செவிசாய்க்கும். இன்ரலூக்கின் 2 என்பதன் வாங்கி மூன்று கூறுகளாலானது. பகைக்கிருமியை இனங்கண்ட ரீ கலம் மூன்றாம் கூற்றையும் ஏந்திச் செய்தியை இறுகப் பற்றும். ஓய்ந்திருக்கும் கலமோ அதனை அரிதாகவே உணரும். வேண்டாத கலங்கள் பெருகாமைக்கு இது ஒரு காவல். செய்தி பற்றப்பட்டதும், வாங்கியின் உட்புறத்தை ஒட்டிய நொதியங்கள் விழித்தெழும். கட்டளை கருவைச் சென்றடையும். கலம் ஒன்று பலவாகும்.

இவ்வாங்கியின் காமா என்னும் கூறு ஆறு வெவ்வேறு இன்ரலூக்கின்களுக்குப் பொதுவானது. அக்கூற்றுக்குரிய பரம்பரையலகின் பழுதே டேவிட்டின் நோய்க்குக் காரணமென்பது 1993 இல் தெளிவாயிற்று. ஒரு கூறு கெட, ஆறு செய்திகளும் கேளாதொழிந்தன. அவற்றுள் இன்ரலூக்கின் 7 இன் செய்தி கேளாவிடின், ரீ கலங்கள் வளர்ச்சியுறா. ஆண்மக்களிடம் அப்பரம்பரையலகு ஒன்றே உண்டு, பழுதுற்றால் மாற்றில்லை. பெண்மக்களிடம் இரண்டு உள. அதனாலேயே இந்நோய் பெரும்பாலும் ஆண்மக்களையே பற்றுகின்றது.

1983 இல் சகோதரியின் என்புமச்சை டேவிட்டுக்கு ஏற்றப்பட்டது. அதனுள் மறைந்திருந்த வைரசு ஒன்று புற்றுநோயை விளைத்தது. 1984 பெப்ரவரியில் அவன் மறைந்தான்.

மாணவர்காள், இன்று பல நாடுகளில் பிறந்த குழவியின் குதிக்காலில் எடுக்கும் சில துளி இரத்தம் இக்குறையைக் காட்டிவிடுகின்றது. கிருமி தொற்றுமுன் என்புமச்சை மாற்றப்பெறும் குழந்தைகளிற் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். தமையனையும் தம்பியையும் இழந்த அவ்வீட்டிற்கு விடை ஒன்பது ஆண்டுகள் பிந்தியே சென்றது. இனி வரும் வீடுகளுக்கு அது முந்திச் செல்லுதல் வேண்டும்.