பாக்டீரியா கூலி கேட்பதில்லை, சரி

நிலத்தடி நீரில் கலந்த நச்சை நுண்ணுயிர்களை விட்டே நீக்கிவிடலாம், செலவும் சொற்பம்தான் என்ற பேச்சு கருத்தரங்குகளில் அலுக்காமல் ஒலிக்கிறது. நீக்கலாம் என்பது பல இடங்களில் உண்மை. சொற்பம் என்பதுதான் ஏமாற்று. பாக்டீரியா கூலி கேட்பதில்லை. ஆனால் அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையில். நச்சு எதுவரை பரவியிருக்கிறது என்று அறியவே போர் மேல் போர் போட வேண்டும். பிறகு கழிவுப்பாகோ தாவர எண்ணெயோ எத்தனாலோ பாக்டீரியாவுக்குத் தீனியாக உள்ளே செலுத்த வேண்டும். அந்தத் தீனியில் பெரும்பகுதி, நீரில் ஏற்கெனவே உள்ள ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட் ஆகியவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். நச்சின் எடையை மட்டும் வைத்துத் தீனிக்கு எஸ்டிமேட் போடுவது, கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளைக்கு மட்டும் இலை போடுவது போன்றது.

கலிஃபோர்னியாவின் ஹிங்க்லியில் பிஜி அண்ட் ஈ நிறுவனத்தின் எரிவாயு நிலையம் 1952 முதல் 1966 வரை குரோமியம் கலந்த கழிவுநீரை வெளியேற்றியது. 1996ல் ஊர்மக்களுக்கு 33.3 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. இதைக் கதையாக்கிய ‘எரின் ப்ரோக்கோவிச்’ படம் பார்த்தவர்களுக்குக் கதை அங்கே முடிந்துவிடும், நிலத்தடியில் முடியவில்லை. எத்தனாலைச் செலுத்தி, நச்சு குரோமியத்தை நுண்ணுயிர்களின் துணையோடு கரையாத வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். முறை பலிக்கிறது. ஆனால் ஆக்சிஜன் தீர்ந்த மண்ணிலிருந்து மாங்கனீசும் ஆர்சனிக்கும் நீரில் இறங்கக்கூடும் என்பதால் அவற்றையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கிறது. ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கலந்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். உரிய பாக்டீரியா இல்லாமலோ தீனி தீர்ந்தோ சிதைவு பாதியில் நின்றால், மிஞ்சுவது புற்றுநோய் உண்டாக்கும் வினைல் குளோரைடு.

இப்படி ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய கண்காணிப்பு எஸ்டிமேட்டில் எப்படிச் சிறுத்துப்போகிறது? வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைத்து எழுதும் கணக்கால்தான். அமெரிக்காவில் வழக்கமான 7% விகிதத்தில், ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 30 ஆண்டுக்கு ஆகும் 30 லட்சம், தாளில் 12.4 லட்சமாகிறது, முப்பதாம் ஆண்டின் 100 ரூபாய் வெறும் 13 ரூபாய். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 12.4 லட்சத்தை இன்றே ஒதுக்கி, ஆண்டுதோறும் 7% ஈட்டும் நிதியாக வைத்தால்தான் அது செல்லும். வைப்பவர் யார்?

நீரை இறைத்துச் சுத்திகரிப்பதைவிட நுண்ணுயிர் முறை மலிவுதானே என்பார்கள். பல இடங்களில் மலிவுதான். அதையும் முழுக்கணக்கோடு முழுக்கணக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பெரிய தொகையைக் காட்டினால் அரசு கோப்பையே மூடிவிடும் என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் குறைத்துக் காட்டித் தொடங்கிய வேலை நிதி தீர்ந்து பாதியில் நின்றால் வரும் கேடு மேலே சொன்னதுதான். நச்சின் ஊற்றையும் கணக்கில் விட்டுவிடக் கூடாது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு பல ஆண்டுகள் வெட்டவெளியில் மழையில் நனைந்தது. அப்படியொரு குவியலை அப்படியே விட்டுவிட்டு நீருக்குள் எவ்வளவு தீனி கொட்டினாலும், அடுத்த மழை புதிய குரோமியத்தைக் கீழே இறக்கும். எனவே குவியலை அகற்றும் செலவு, எல்லையறியும் போர்கள், முப்பது ஆண்டு மாதிரிச் சோதனை, அதற்கான வைப்புநிதி எல்லாமே டெண்டரின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.