பொறுப்பு இங்கே, அதிகாரம் எங்கே?

வைத்தியர் தட்டுப்பாடு பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அந்த வைத்தியர்களை ஆக்கித்தரும் ஆசான்மாரைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் மருத்துவத் துறையொன்றுக்குத் தலைமை தாங்கும் பேராசிரியரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் போதனா வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்க வேண்டும். கட்டிலருகில் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். பின் விரிவுரை, பரீட்சைத் தாள், கூட்டம், கொழும்புக்குக் கடிதம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையடுத்து வைத்தியர் பலர் கடல் கடந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சுமையும் எஞ்சியோர் தோளிலேயே ஏறியது.

உழைப்புக்கு அஞ்சியா இவர்கள் சோர்கிறார்கள்? நம் கமக்காரரைக் கேளுங்கள். விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு இறைத்தவர் அந்தியில் களைத்திருப்பார். கன்று நிமிர்வதைக் கண்டதும் களைப்பு அகலும். பயிர் வாடினாற் பழி தமக்கு, மடை திறக்கும் உரிமை பிறர்க்கு என்றால் எந்தக் கமக்காரன் மனம் சலியாதிருப்பான்?

அந்தச் சலிப்பே இங்கு நிகழ்கிறது. பேராசிரியர் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்ப் பணிபுரிபவர். அவர் கற்பிக்கும் வைத்தியசாலையோ கொழும்புச் சுகாதார அமைச்சின் நேரடி ஆட்சியில் உள்ளது. மாகாண சபைக்கும் அதிற் கையில்லை. நிபுணராக விழையும் இளம் வைத்தியரின் பயிற்சியை வகுப்பது 1980 இல் அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம், அதுவும் கொழும்பிலேயே. ஆசான் ஒருவர், எசமானர் மூவர்! மாணவன் தவறினால் மட்டும் மறுமொழி சொல்லவேண்டியவர் அவர் ஒருவரே.

இத்தகைய தொழிற்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நோயென வகுக்கவில்லை. தொழிலிடத்தில் எழும் நிலை என்றே வகுத்தது. சட்டத்தின் மொழியிற் சொன்னால், கூண்டில் ஏற்ற வேண்டியது சோர்ந்த மனிதரையன்று, அவருக்கு வேலையை வகுத்த முறையை.

மானிப்பாயில் 1848 இல் வைத்தியக் கல்வியைத் தொடங்கிய சாமுவேல் கிறீன் பத்தாண்டு உழைப்பின் பின் உடல் நலிந்து அமெரிக்கா சென்றார். ஆயினும் 1862 இல் மீண்டு வந்தார்; அதன் பின்னரே தமிழில் வைத்தியம் கற்பிக்கும் பெரும்பணியில் இறங்கி, 1873 வரை இங்கிருந்தார். அவருடைய மிசனின் தலைமைப்பீடம் பொஸ்ரனில் இருந்தது. எனினும் பாடத்தை உருவாக்கியதும் நூல்களைத் தமிழாக்கியதும் மானிப்பாயிலேதான். தம் கை படிந்த வேலையே அவரை மீட்டு வந்தது என்பது நம் துணிபு.

மாலையானதும் தனியார் மருத்துவமனைக்கு விரையும் பேராசிரியரும் உளர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை. நாம் கேட்பன சிலவே. கற்பித்தலுக்கும் பயிற்சியை நடத்துதற்கும் உரிய மணித்தியாலங்கள் நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட வேண்டும். அமெரிக்காவில் வைத்தியப் பயிற்சிகளை அங்கீகரிக்கும் சபை பயிற்சித் தலைவருக்கு அவ்வாறு நேரம் ஒதுக்குமாறு விதித்திருக்கிறது. கடிதம் எழுத ஓர் இலிகிதர் வேண்டும். போதனை விடுதிகளின் ஆளணியைப் பீடாதிபதியும் வைத்தியசாலைப் பணிப்பாளரும் யாழ்ப்பாணத்திலேயே கூடி முடிவுசெய்யும் அதிகாரம் வேண்டும்.

சுகாதார அமைச்சின் செலவினம் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வரும் நாளில் நம் பிரதிநிதிகள் இதனை எழுப்பட்டும். புதுக் கட்டிடத்துக்கு நாடா வெட்டச் செல்லுமுன், அதனுள் நின்று கற்பிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டறிந்து செல்லட்டும்.