ஆசை யாருடையது?

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கு அடிக்கடி நடக்கிறது. ஷிப்டு முடிந்து வரும் தகப்பனார் கையில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு வறுவலும். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. "கொடுக்காதீர்கள்" என்கிறாள் மனைவி. "குழந்தை ஆசைப்படுகிறதே, ஒரு வாய்தானே!" என்கிறார் அவர்.

நான் தாயின் கட்சி. பெயரே தெரியாத பண்டத்தின்மேல் குழந்தைக்கு ஆசை எங்கிருந்து வரும்? ஆசை தகப்பனாருடையது, பழி குழந்தையின் தலையில்!

இரண்டு வயது நிறையும்வரை உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்கள் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. நாக்கு ருசி பழகும் வயது அது. இன்று உறைப்புக்கும் உப்புக்கும் பழகினால் நாளை பருப்புச் சாதம் கசக்கும். அப்போது கிண்ணத்தோடு மன்றாடுகிறவள் தாய். "பிள்ளைக்குச் சாப்பிடப் பழக்கவில்லை" என்று ஏச்சு வாங்குகிறவளும் அவளே.

"இருவரும் வேலைக்குப் போனால் சமைக்க நேரமேது?" என்பார்கள். மாவு இருந்தால் இட்லி வேகப் பத்து நிமிஷம். அடுப்பை மூட்டத் தகப்பனாரின் கைக்கு என்ன தடை? கடை வாசலில் காத்து நின்ற நேரமே போதுமே, ஐயா!