ஃபைல் எழுதிய கதை

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் தருமபுரியின் வரலாற்றைக் கேட்டால் மளமளவென்று ஒப்பிப்பார்கள். 1792-இல் திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. நடுவில் தாது வருடப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.67 லட்சம் பேர் இருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1881-இல் சுமார் 16 லட்சம் பேர்தான். கழித்துப் பார்ப்பது எளிது. கழிந்துபோனவர்கள் கடைசியாக எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

நாவலில் வரும் என்கிறோம். வரலாற்றுப் பேராசிரியர்கள் முகம் சுளிக்கலாம். பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு நந்தினிக்குக் கல்வெட்டு தேடுகிற நாடு இது; அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் சோழர் காலத்துக்குச் சான்று போதாது என்பது சிக்கல். நம் காலத்துக்குக் காகிதம் ஏராளம்; அதை எழுதியது யார் என்பதுதான் சிக்கல்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடி அரூர்ப் பக்கத்து மலையடிவார ஊருக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. வீடுகள் நொறுங்கின, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், குழந்தைகளோடு ஊரே சிறைக்குப் போனது. அரூர் வனத்துறை அலுவலகத்தில் ஊர்க்கவுண்டரை அந்த ஊர்ப் பெண்கள் கையாலேயே விளக்குமாற்றால் அடிக்க வைத்தார்கள். இப்படி ஒரு காட்சியைக் கற்பனையில் எழுதினால் ‘மிகை’ என்று விமர்சகர் ஒதுக்கிவிடுவார். அரசு ஃபைலோ ஊரார் கடத்தல்காரர்கள், அதிகாரிகளைத் தாக்கினார்கள் என்றது. கதை கட்டியது ஃபைல். நடந்ததைச் சொன்னது எழுதப் படிக்கத் தெரியாத வாய்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, வழக்கில் சேர்க்கப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னபோது நம்பியது அந்த வாய்களைத்தான். சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதியில் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யைப் படிக்கச் சொல்வோம். களம் இங்கே இல்லை, சத்தியமங்கலம் காடு. வெளிவந்தது 2004, பாப்பாரப்பட்டிக்கு அருகே சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட அதே வருடம். பத்திரிகைகள் அவர் மீசையை அட்டைப்படமாகப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, இந்த நாவல் அவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவரைத் தேடிய இரண்டு மாநில அதிரடிப்படைகளுக்கு நடுவே சிக்கிய சோளகர் பழங்குடியினரைப் பார்த்தது. முகாம் சித்திரவதை வருவது இரண்டாம் பாதியில்தான். முதல் பாதி முழுக்க நிலம் கைவிட்டுப் போகிற கதை. பலர் அதை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். நம்மைக் கேட்டால் வரலாறு அங்கேதான் இருக்கிறது: காட்டில் உரிமையை முதலில் பறித்துவிட்டால், பிறகு யாரை வேண்டுமானாலும் திருடன் எனலாம்.

நாவல் சொன்னால் வேதம் என்று சொல்ல வரவில்லை. 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியை இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ ஆக்கினார். சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. கூலிப் போராட்டத்தை விட்டுவிட்டுப் பண்ணையாரின் அந்தரங்கக் குறைக்குள் காரணம் தேடியது என்ற குற்றச்சாட்டு இன்றும் நிற்கிறது. நாமும் அதை ஏற்கிறோம். ஆகவே ஒரு கையில் நாவல், மறு கையில் தீர்ப்பு நகல். இரண்டும் முரண்படும் இடத்தில் நின்று படிக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் எழுத வேண்டியது இன்னும் மலையளவு கிடக்கிறது. பெண்சிசுக் கொலைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்துக்கும் நடுவே வளர்ந்த பெண்களுக்கு இன்று முப்பது வயது. பெங்களூரு கட்டடங்களில் சித்தாள் வேலை பார்த்த ஒரு தலைமுறை ஊர் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. சித்தேரி மலையிலும் பென்னாகரத்திலும் நாயக்கன்கொட்டாயிலும் இருக்கும் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். நாவலாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாலு பக்கம் போதும். பிழை திருத்துவது எங்கள் வேலை.