உரிச்சா வந்துடும்... ஆனா காருல எங்க வேணாலும் அடிச்சுடலாமா?

மதுரை - திருச்சி நான்குவழிச் சாலையில், கொட்டாம்பட்டி பக்கம் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பளபள குரோம் கிரில்லும் லோகோவும் கறுப்பாக மாறிய கார்கள் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். பெயின்ட்டர் தேவையில்லை, வீட்டு வாசலிலேயே ஸ்பிரே டப்பாவால் அடித்து, பிடிக்காவிட்டால் தோல் மாதிரி உரித்துவிடலாம் என்பதுதான் ரப்பர் கோட்டிங்கின் கவர்ச்சி. இதில் பிரபலமான அமெரிக்காவின் 'பிளாஸ்டி டிப்', முதலில் கட்டிங் பிளேயர் போன்ற கருவிகளின் கைப்பிடிகளை முக்கி எடுக்கத்தான் பயன்பட்டது.

பலரும் சறுக்குவது சிக்கனத்தில்தான். ரெண்டு கோட்டோடு நிறுத்தினால் படலம் மெலிந்து, உரிக்கும்போது துண்டு துண்டாகப் பிய்யும். அப்புறம் நகத்தால சுரண்ட வேண்டியதுதான்! அரையடிக்குச் சற்று மேலான தூரத்திலிருந்து, முதல் கோட்டை லேசாகவும் அடுத்தவற்றைச் சீராகவும், குறைந்தது நாலைந்து கோட் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே சில நிமிடங்கள் காய விடுங்கள். கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் இழுத்தால் ஓரமும் சேர்ந்து வரும்.

நம்ம ஊர் உச்சி வெயிலில் அடித்தால், துளிகள் காற்றிலேயே காய்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஆடிக் காத்திலோ, லாரிப் புழுதி பறக்கும் ரோட்டோரத்திலோ அடித்தால் தூசி ஒட்டிக்கொள்ளும். காலை நிழல்தான் சரி. ஸ்பிரேயில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்கள் இருப்பதால், மூடிய ஷெட்டும் பக்கத்தில் அடுப்பும் கூடவே கூடாது. மாஸ்க் கட்டாயம். பெட்ரோல் பட்டாலும் இது கரையும். டேங்க் மூடிப் பக்கம் கவனம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். காரின் நிறம் ஆர்.சி-யில் பதிவாகியிருக்கிறது. லோகோ, கிரில், வீல் கேப் ஆகியவற்றைக் கறுப்பாக்குவதால் அந்தப் பதிவு மாறாது. முழு காரின் நிறத்தையே மாற்றினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லித் திருத்த வேண்டும். 'பெயின்ட் இல்ல சார், உரிச்சா வந்துடும்' என்பதெல்லாம் பதிலாகாது. ராணுவத்தின் ஆலிவ் பச்சை நமக்குக் கிடையவே கிடையாது. மோட்டார் வாகன விதி 121 அதைத் தடுக்கிறது.

உயிர் சம்பந்தப்பட்ட இடம், விளக்குகள். அழகுக்காக டெயில் லேம்ப்பில் கறுப்பு அடித்தால், ராத்திரி நேரம் பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் பிரேக் லைட் மங்கித்தான் தெரியும். அங்கே நீங்கள் மிச்சம் பிடித்த பெயின்ட்டர் கூலிக்கு அர்த்தமே இல்லை. நம்பர் பிளேட்டிலும் கை வைக்காதீர்கள். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்து போலீஸ் பிளேட் ஸ்டிக்கர்களுக்கே அபராதம் போட ஆரம்பித்தது நினைவிருக்கும்.

ஆசையை அடக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு வீல் கேப்பில் மட்டும் அடித்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு உரித்துப் பாருங்கள். முழுசா வந்தா, கிரில்லுக்குப் போகலாம்!