கட்டுரை எழுத வேண்டிய காலம் எது?

புதுடெல்லி: புணே நகரில் 2024 மே 19-ஆம் தேதி அதிகாலையில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசுக் கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தனர். அன்றே ஜாமீன் வழங்கிய சிறார் நீதி வாரியம், சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக விதித்தது. நாடு கொந்தளித்தது. அதில் வியப்பில்லை. எனினும், அந்தக் கட்டுரையை விபத்துக்கு முன்பே வகுப்பறையில் எழுதச் செய்திருக்கலாமே என்ற கேள்வி உரிய கவனத்தைப் பெறவில்லை.

இத்தகைய ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும், சிறுவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. ஆனால், சட்டத்தின் நிலை வேறு. டெல்லியில் 2016 ஏப்ரலில், 18 வயது நிறையச் சில நாள்களே இருந்த சிறுவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்தார். அவ்வழக்கில் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சம் ஏழாண்டுச் சிறை என்று சட்டம் வரையறுக்காத குற்றத்தைக் கொடுங்குற்றமாகக் கொள்ள இயலாது என்று கூறியது. புணே வழக்கிலும், பெரியவராக விசாரிக்கக் கோரிய காவல்துறை மனுவை வாரியம் 2025 ஜூலையில் நிராகரித்தது.

மாறாக, நாடாளுமன்றம் பெற்றோர் பக்கம் திரும்பியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது.

இது செல்வந்தர் வீட்டுப் பிரச்னை மட்டுமன்று. டியூஷனுக்குப் போகும் மகனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் எளிய குடும்பமே இதில் அதிகம் இழக்கக்கூடும். 16 வயதில் உரிமம் பெற்று ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கே பொருந்தும். இன்று வீடுகளில் உள்ள ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அவ்வரம்பைக் கடந்தவை. உரிமம் அற்றவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்து வந்துள்ளன. ஒரு நிமிட அலட்சியத்துக்கு வீட்டையே விற்க நேரலாம்.

குடிமையியல் பாடம் நாடாளுமன்றத்தையும் அடிப்படை உரிமைகளையும் விளக்குகிறது. மாணவர் தாமே அறியாமல் இழைக்கக்கூடிய குற்றத்துக்கும் அதன் விளைவுக்கும் அங்கே போதிய இடமில்லை. அச்சுறுத்தினால் மட்டும் போதாது. அச்சம் மிகுந்தால் விபத்துக்குப் பின் தப்பியோடவே தோன்றும். காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என 134-ஆவது பிரிவு கூறுவதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

சட்டம் அறியாமையை மன்னிப்பதில்லை. அவ்வாறெனில், அந்த அறியாமையைப் போக்கும் கடமை அரசுக்கும் பள்ளிக்கும் பெற்றோருக்கும் உண்டு. உயிர்கள் பறிபோன பிறகு கேட்கப்படும் கட்டுரை யாரையும் மீட்டுத் தராது.